நான்காம் நாள் முதல்: வேலைக்கு வந்து உறவினர் வீட்டில் தங்குவோரின் ஒழுக்கங்கள்

"தம்பி, நம்ம சின்னவன் டிப்ளமா முடிச்சுட்டான். உங்க பக்கம் கம்பெனியில ஆள் எடுக்குறாங்களாம். ஒரு பத்து நாளைக்கு உன் வீட்டுல இருக்கட்டும்பா."

"அதுக்கென்ன சாச்சா, வரச் சொல்லுங்க."

பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் வாடகைக்குக் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இந்த உரையாடல் புதிதல்ல. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வெளிவந்ததிலிருந்து இந்தச் சாலை ஊர்ப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டே இருக்கிறது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான் ஆலை வந்தது. டயர், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி என்று ஒவ்வொன்றாக வந்தன. ராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பையோடு வந்து இறங்கும் பிள்ளைக்கு இங்கே தெரிந்த ஒரே முகவரி, ஏற்கெனவே வந்து குடியேறிய அண்ணனோ மாமுவோ தான்.

பத்து நாள் என்று வந்தது மூன்று மாதமாவது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அல்ல. நேர்முகத் தேர்வு தள்ளிப்போகும். பிறகு பயிற்சி. முதல் சம்பளம் வரட்டும் என்பார்கள். அறைக்கு அட்வான்ஸ் சேரட்டும் என்பார்கள். இதற்கிடையில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை உள்ள வீட்டில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகளோடு ஐந்தாவதாக ஒருவர் வாழ்ந்துகொண்டிருப்பார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். "அதுக்கென்ன" என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டாரே, பிறகு எப்படிச் சொல்வது?

விருந்தினரை உபசரிப்பது பற்றி நம் பள்ளிவாசல்களில் நிறைய பயான் கேட்டிருக்கிறோம். விருந்தினராகத் தங்குபவரின் கடமை பற்றிக் கேட்டது குறைவு. ஆனால் குர்ஆனும் ஹதீஸும் இந்தப் பக்கத்தையும் விரிவாகவே பேசுகின்றன.

சொல்ல முடியாதவரின் சங்கடம்

நபி (ஸல்) அவர்கள் ஸைனப் (ரலி) அவர்களை மணமுடித்தபோது வலீமா விருந்து கொடுத்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். மூன்று பேர் மட்டும் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் எழுந்து பார்த்தார்கள். வெளியே சென்று மற்ற மனைவியரின் அறைகளுக்குப் போய் ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அந்த மூவர் அப்போதும் இருந்தார்கள். "எழுந்திருங்கள்" என்று சொல்ல நபியவர்களுக்கு வெட்கம். இதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள், புகாரியில் இருக்கிறது.

அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53-ஆவது வசனம் இந்த நிகழ்வை ஒட்டி இறங்கியது. அழைக்கப்படாமல் நுழையாதீர்கள், சாப்பிட்டதும் கலைந்து செல்லுங்கள், பேச்சில் லயித்து உட்கார்ந்துவிடாதீர்கள், அது நபிக்கு வேதனை தருகிறது, உங்களிடம் சொல்ல அவர் கூச்சப்படுகிறார், உண்மையைச் சொல்ல அல்லாஹ் கூச்சப்படுவதில்லை என்பது அதன் கருத்து.

இறைத்தூதருக்கே சொல்ல முடியவில்லை. ஒரு ஒப்பந்தத் தொழிலாளியான அண்ணன் தன் சாச்சா மகனிடம் சொல்லிவிடுவார் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? வீட்டுக்காரரின் வாயிலிருந்து வரும் "இருப்பா, என்ன அவசரம்" என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பெரும்பாலும் வெட்கம். அதைப் புரிந்துகொள்ளும் பொறுப்பு தங்குபவருடையது.

மூன்று நாள் கணக்கு

அபூ ஷுரைஹ் அல்கஅபீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் (6135) முஸ்லிமிலும் உள்ளது. விருந்தினருக்குச் சிறப்பாக உபசரிப்பது ஒரு பகல், ஓர் இரவு. விருந்தோம்பல் மூன்று நாள். அதற்குப் பின் கொடுப்பது தர்மம். வீட்டுக்காரரைச் சிரமத்திற்குள்ளாக்கும் அளவுக்கு அவரிடம் தங்குவது விருந்தினருக்கு ஆகுமானதல்ல. முஸ்லிமில் உள்ள அறிவிப்பில், வீட்டுக்காரரைப் பாவத்தில் தள்ளும்வரை தங்கக் கூடாது என்று வருகிறது. எப்படிப் பாவத்தில் தள்ளுவது என்று தோழர்கள் கேட்டபோது, உபசரிக்க ஒன்றும் இல்லாதவரிடம் தங்கிக்கொண்டே இருப்பதுதான் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அப்படிப்பட்டவர் முணுமுணுப்பார், புறம் பேசுவார், கடன் வாங்குவார், மனைவியிடம் எரிந்து விழுவார். அந்தப் பாவத்திற்குக் காரணம் விருந்தினர்.

"தர்மம்" என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். நான்காம் நாளிலிருந்து அண்ணன் வீட்டில் நாம் சாப்பிடுவது அவர் செய்யும் ஸதகா. வேலை கிடைக்காமல் நிற்கும் பிள்ளைக்கு அந்த ஸதகாவைப் பெறுவதில் இழிவில்லை, அண்ணனுக்கும் அதில் நன்மை உண்டு. ஆனால் மாதம் பிறந்ததும் சம்பளம் கணக்கில் ஏறுகிறவர், அந்தப் பணத்தில் புதுக் கைப்பேசிக்குத் தவணை கட்டிக்கொண்டு, அரிசிக்கும் கேஸுக்கும் அண்ணன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால்? உழைக்கத் திராணியுள்ளவர் பிறர் தர்மத்தில் வாழ்வதை நம் மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பெற்றோர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். மகன் வீட்டுக்கு வரும் தாய் விருந்தாளி அல்ல. அவருக்கு உரிமை இருக்கிறது. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியதல்ல.

நபியவர்களே தங்கியிருந்த வீடு

"மூன்று நாளுக்கு மேல் யார் வீட்டிலும் தங்கவே கூடாதா?" என்று கேட்கலாம். நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) வீட்டில் சுமார் ஏழு மாதம் தங்கியிருந்தார்கள் என்று ஸீறா நூல்கள் கூறுகின்றன. அந்த ஏழு மாதத்தைப் பார்த்தால் நம் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மாடி வீடு அது. நபி (ஸல்) அவர்கள் கீழ்த்தளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தம்மைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், கீழே இருந்தால் அது வசதி என்பது காரணம். வந்துபோகும் கூட்டம் வீட்டாரின் நடுவே நடமாடவில்லை. ஆனால் அபூ அய்யூபுக்கு மனம் ஒப்பவில்லை. அல்லாஹ்வின் தூதருடைய தலைக்கு மேலே நாம் நடக்கிறோமே என்று ஓர் இரவு விழித்துக்கொண்டு, குடும்பத்தோடு ஓர் ஓரமாக ஒதுங்கிப் படுத்தார். மறுபடியும் வற்புறுத்தினார். அதன்பின் நபியவர்கள் மாடிக்கு மாறினார்கள். வீட்டுக்காரரின் மன அமைதிக்காக விருந்தினர் தன் வசதியை விட்டுக்கொடுத்த நிகழ்வு இது. மேலே தண்ணீர்ப் பானை உடைந்து, கீழே ஒழுகிவிடுமோ என்று பயந்து, போர்த்திக்கொள்ள இருந்த ஒரே போர்வையால் அந்தத் தம்பதியர் துடைத்த கதையும் இப்னு ஹிஷாமின் நூலில் வருகிறது. நல்ல வீட்டுக்காரர்கள் எதையெல்லாம் வெளியே சொல்லாமல் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஒருநாள் அவர்கள் அனுப்பிய உணவில் பூண்டு இருந்தது. நபி (ஸல்) அவர்கள் சாப்பிடவில்லை. அபூ அய்யூப் பதறிப்போய் அது ஹராமா என்று கேட்டார். இல்லை, எனக்குப் பிடிக்கவில்லை என்று நபியவர்கள் சொன்னார்கள். சமைத்தவரைக் குறை சொல்லவில்லை, மாற்று உணவும் கேட்கவில்லை. கேட்டபோது காரணத்தை மட்டும் சொன்னார்கள்.

இதில் நமக்கு முக்கியமானது, அந்த ஏழு மாதமும் வெளியே என்ன நடந்தது என்பது. பள்ளிவாசலுக்கு நிலம் வாங்கப்பட்டது. கட்டடம் எழுந்தது. நபியவர்களும் கல் சுமந்தார்கள். பள்ளியை ஒட்டிக் குடும்பத்திற்கு அறைகள் கட்டப்பட்டன. முடிந்ததும் அங்கே குடிபோனார்கள். தங்கியிருந்த காலம் முழுவதும் சொந்த இருப்பிடத்திற்கான வேலை நடந்துகொண்டே இருந்தது.

வேலைக்கு வருபவருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி). மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். நபி (ஸல்) அவர்கள் அவரை மதீனாவின் செல்வந்தரான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக்கினார்கள். ஸஅத் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் அவருக்கு பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, கடைவீதி எங்கே இருக்கிறது என்று கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று இலாபத்தோடு திரும்பினார் (புகாரி 2048). சகோதரன் தர மறுத்ததால் அவர் கடைவீதி கேட்கவில்லை. தர முன்வந்த பிறகுதான் கேட்டார்.

பென்னலூரில் இறங்கும் தம்பி முதல் வாரத்திலேயே கேட்க வேண்டிய கேள்விகள் இவை: இங்கே பேச்சிலர்களுக்கு ரூம் எங்கே கிடைக்கும், அட்வான்ஸ் எவ்வளவு, நம் ஊர்ப் பையன்கள் எந்தத் தெருவில் சேர்ந்து தங்கியிருக்கிறார்கள்? பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் ஒரு பெரிய குடியிருப்பைத் திறந்தது. 18,720 பேர் தங்கலாம். ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் தாங்களே கூடி அறை எடுக்க வேண்டியிருக்கிறது. அறை கிடைக்க நாளாகும் என்பது உண்மை. தேடுகிறவனாக அண்ணன் கண்ணில் படுவது வேறு, தேடாமல் இருப்பது வேறு.

வந்து சேரும் நேரம்

2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின், தெற்கிலிருந்து வரும் பெரும்பாலான பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. விடியற்காலை நான்கு மணிக்கு இறங்கி, வண்டலூர், ஒரகடம் வழியாக வந்தால் சுபுஹுக்கு முன்னால் கதவைத் தட்ட நேரிடும். பயணத்திலிருந்து திரும்பும் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் இரவில் தன் சொந்த வீட்டுக் கதவையே தட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பிறர் வீட்டை என்ன சொல்வது! எந்தப் பேருந்து, எத்தனை மணி என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சீக்கிரம் வந்துவிட்டால் வழியில் ஒரு பள்ளியில் சுபுஹ் தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்தபின் போகலாம்.

அழைத்துக் கேட்கும்போது "இந்த மாசம் வேண்டாம்பா, குழந்தைக்குப் பரீட்சை" என்று சொன்னால் ஊரில் அது பஞ்சாயத்தாகிவிடுகிறது. அந்நூர் அத்தியாயத்தின் 28-ஆவது வசனம், திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிடுங்கள், அதுவே உங்களுக்குத் தூய்மையானது என்ற கருத்தைச் சொல்கிறது. வாசலில் நிற்பவரையே திருப்பி அனுப்பும் உரிமையை அல்லாஹ் வீட்டுக்காரருக்குக் கொடுத்திருக்கிறான். தொலைபேசியில் மறுத்ததற்காக உறவை முறிப்பவர் இந்த வசனத்தை எங்கே வைப்பார் என்று தெரியவில்லை.

ஷிப்ட் வீட்டில் மூன்று நேரங்கள்

அதே அத்தியாயத்தின் 58-ஆவது வசனம், வீட்டிலுள்ள சிறுவர்கள்கூட அனுமதி கேட்டு வர வேண்டிய மூன்று நேரங்களைக் குறிப்பிடுகிறது. சுபுஹுக்கு முன், மேலாடைகளைக் களையும் நண்பகல், இஷாவுக்குப் பின். மக்கள் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும் நேரங்கள் அவை. வயதுக்கு வந்துவிட்டால் எந்த நேரமும் அனுமதி கேட்க வேண்டும் என்று அடுத்த வசனம் சொல்கிறது.

தொழிற்சாலை வட்டாரத்தில் ஓய்வு நேரம் ஒவ்வொரு வாரமும் மாறும். இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்குக் காலை எட்டு மணிதான் இஷாவுக்குப் பிந்திய நேரம். ஹாலில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்க்கும் தம்பிக்கு அது சாதாரணக் காலை. அண்ணனின் ஷிப்ட் அட்டவணையை ஒரு பார்வை பார்த்து மனதில் வைத்துக்கொள்வதும், அவர் தூங்கும் நேரத்தில் பள்ளிக்கோ கடைத்தெருவுக்கோ போய்விடுவதும், வீட்டில் இருந்தால் இயர்போன் போடுவதும் பெரிய தியாகமில்லை. இயந்திரத்தின் முன் நின்று வேலை செய்பவருக்குத் தூக்கம் கெட்டால் கை போகும் ஆபத்து இருக்கிறது.

குளியலறையும் அப்படித்தான். கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது. வேலைக்குக் கிளம்புபவர் குளிக்கும் நேரத்தில் வேலை தேடுபவர் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளக் கூடாது.

மதினியின் வீடு

இந்த விஷயத்தில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தம்பி ஹாலில் தங்கிய நாளிலிருந்து அண்ணன் மனைவிக்கு வீடு வீடாக இருப்பதில்லை. மதினிக்கு அவர் மஹ்ரம் அல்ல. சமையலறை வெக்கையில் நின்றாலும் முக்காடு இறங்கக் கூடாது. தஹஜ்ஜுதுக்கோ குழந்தைக்குப் பால் காய்ச்சவோ எழுந்தால், தூங்கும் ஓர் அந்நிய ஆணைத் தாண்டித்தான் போக வேண்டும். காயப்போடும் துணியைக்கூட மறைக்க இடம் தேட வேண்டும். மூன்று நாளைக்கு அதைச் சமாளிக்கலாம். மூன்று மாதம் அப்படி வாழச் சொல்வது எந்த நியாயத்தில்? மனைவிக்கு நிம்மதியான இருப்பிடம் தருவது கணவனின் கடமை என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். "அதுக்கென்ன சாச்சா" என்று சொல்வதற்கு முன் உள்ளே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

இதைவிடக் கடுமையானது தனித்திருத்தல். பெண்கள் இருக்குமிடத்தில் நுழைவதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, கணவனின் உறவினர் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று ஓர் அன்ஸாரித் தோழர் கேட்டார். கணவனின் உறவினர் மரணத்திற்கு ஒப்பானவர் என்று பதில் வந்தது (புகாரி 5232, அறிவிப்பவர் உக்பா பின் ஆமிர்). வேற்று ஆள் வந்தால் தெரு கவனிக்கும். தம்பி வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எச்சரிக்கை இவ்வளவு கடுமையாக இருப்பது அதனால்தான்.

ஆகவே அண்ணனுக்கு இரவு ஷிப்ட் விழும் வாரத்தில் தம்பி அந்த வீட்டில் படுக்கக் கூடாது. நண்பனின் அறையில் பாய் விரித்துக்கொள்ளலாம். பகல் ஷிப்ட் என்றால் அண்ணன் கிளம்பும்போதே கிளம்பி, அவர் திரும்பியபின் வீட்டுக்கு வரலாம். சாவி தன்னிடம் இருந்தாலும் அழைப்பு மணியை அடித்து, பெயர் சொல்லி, அனுமதி கிடைத்தபின் நுழைய வேண்டும். இதை அண்ணன் சொல்லிச் செய்வதைவிடத் தம்பி தானாகச் செய்வது இருவருக்கும் மரியாதை. "என் மேல் சந்தேகமா?" என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. நபி (ஸல்) அவர்கள் ஓர் இரவு மனைவி ஸஃபிய்யா (ரலி) அவர்களோடு நடந்து வந்தபோது, கடந்துபோன இரண்டு அன்ஸாரிகளை நிறுத்தி, இவர் ஸஃபிய்யா என்று தாமாகவே சொன்னார்கள். சந்தேகம் எழும் முன்பே கதவை மூடினார்கள்.

சாப்பாடும் செலவும்

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. பிடித்தால் சாப்பிடுவார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். "எங்க உம்மா வைக்கிற ஆணம் மாதிரி வராது" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடும் பழக்கத்தைப் பேருந்திலேயே விட்டுவிட்டு வரவேண்டும்.

ஸல்மான் அல்ஃபார்ஸி (ரலி) பற்றி ஒரு செய்தி உண்டு. வந்த விருந்தினர்களுக்கு ரொட்டியும் உப்பும் வைத்தார். ஒருவர், இதோடு கொஞ்சம் நறுமண இலையும் இருந்தால் நன்றாக இருக்குமே என்றார். ஸல்மான் தம் தண்ணீர்ப் பாத்திரத்தை அடகு வைத்து அதை வாங்கி வந்தார். சாப்பிட்டு முடித்த விருந்தினர், கொடுத்ததில் திருப்தியடையச் செய்த அல்லாஹ்வுக்குப் புகழ் என்றார். நீ திருப்தியடைந்திருந்தால் என் பாத்திரம் அடகுக்குப் போயிருக்காதே என்றார் ஸல்மான்.

பணமாகக் கொடுத்தால் அண்ணன் வாங்க மாட்டார், கோபப்படுவார். பொருளாக வாங்கி வந்து வைத்துவிடலாம். அரிசி மூட்டை, எண்ணெய், 20 லிட்டர் தண்ணீர் கேன், தீரும் நேரத்தில் சிலிண்டர். குழந்தைக்குப் பள்ளிக்கூட நோட்டு. பெரிய ஆலைகளில் கேன்டீன் உண்டு. அங்கே சாப்பிட்டுக்கொண்டால், மதினி விடியற்காலை எழுந்து இன்னொரு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டியதில்லை.

வீட்டுக்குள் கேட்டது

ஒரு வீட்டில் தங்கினால் அதன் கடன், சண்டை, மாமியார் மருமகள் மனத்தாங்கல் எல்லாம் காதில் விழும். இரவு ஊருக்குப் போன் போட்டு, "அங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லம்மா" என்று சொன்னால், மறுநாள் அது சாச்சி, மாமி, பெரியம்மா என்று சுற்றி, வெள்ளிக்கிழமைக்குள் பென்னலூருக்கே திரும்பி வரும். உண்மையாகவே இருந்தாலும் அது புறம்தான். அவர் உப்பைத் தின்றுகொண்டே அவர் மாமிசத்தையும் தின்பது. ஊரில் இருக்கும் உம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளையிடம் "நீ சாப்பிட்டியா" என்று கேளுங்கள், "அவ என்ன ஆக்கிப் போட்டா" என்று கேட்காதீர்கள்.

கிளம்பும் நாள்

அறை கிடைத்ததும் திடீரென்று பையைத் தூக்கிக்கொண்டு போவதும் தவறு. ஒரு வாரம் முன்னதாகத் தேதியைச் சொன்னால் வீட்டார் திட்டமிட வசதியாக இருக்கும். விரித்த பாயையும் போர்வையையும் துவைத்துக் காயவைத்துக் கொடுத்துவிட வேண்டும். சாவியை அண்ணன் கையிலேயே ஒப்படைக்க வேண்டும். அறைக்குப் போனபின் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பார்த்தால் ஸலாம் சொல்வதோடு நிற்காமல், குழந்தைகளைக் கேக் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து வரலாம். அப்போது மூன்று மணி நேரம் போதும்.

அப்துல்லாஹ் பின் புஸ்ர் (ரலி) தம் சிறுவயதில் நடந்த ஒன்றைச் சொல்கிறார்கள், முஸ்லிமில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் அவருடைய தந்தையின் வீட்டில் தங்கி, கொண்டுவந்து வைத்த எளிய உணவையும் பேரீச்சம்பழத்தையும் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது தந்தை வாகனத்தின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்காக துஆ செய்யுங்கள் என்று கேட்டார். அந்த வீட்டாருக்குக் கொடுக்கப்பட்ட உணவில் பரக்கத் தரும்படியும், அவர்களை மன்னிக்கும்படியும், அவர்கள் மீது இரக்கம் காட்டும்படியும் நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் கேட்டார்கள்.